எழுபத்தேழு

பிஸ்கட் டப்பாவில் நூற்றுப் பதினாறு மூடிகள்.
போன வாரம் எண்ணியது. இப்போது கூடியிருக்கும்.

பாலத்திலிருந்து எங்கள் விடுதிக்கு நானூறு அடி.
ஹொக்கைடோவின் பிப்ரவரி, விடியுமுன்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஆற்றிலிருந்து ஆவி எழும்.
தலையில் சிவப்புப் பொட்டு வைத்த நாரைகள்
தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும்.
பாலத்தில் அறுபது கேமராக்கள்
மூன்று காலில் நிற்கும்.
யாரும் பேசுவதில்லை.
வெளிச்சம் வந்ததும் பல்லால் கையுறையைக் கழற்றி
விறைத்த விரலால் மூடியைக் கிள்ளுவார்கள்.
அந்தக் கிள்ளலில்தான் நழுவும்.
தண்ணீரில் விழுந்தால் போனதுதான்.
பனியில் விழுந்தால் ஏப்ரலில் கிடைக்கும்.

ஏப்ரலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு
கரையோரம் பொறுக்கப் போவேன்.
கோரைக்கு நடுவே கறுப்பு வட்டங்கள்,
பாதி மண்ணில், பெயர் மட்டும் மேலே தெரிய.
கழுவி, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து,
உள்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து
ரப்பர் பேண்டு போடுவேன்.
ஐம்பத்திரண்டுகள். அறுபத்தேழுகள்.
எழுபத்தேழுகள் தனிக் கட்டு.

என் கணவர் டெட்சுயா முதலில் பெயர்வாரியாகக் கட்டினார்.
நிக்கானுக்கு ஒன்று, கேனானுக்கு ஒன்று,
பெயரே இல்லாதவை எல்லாம் அடியில்.
பாதிப் பேருக்குச் சேரவில்லை.
அதே கம்பெனிதான், வேறு வாய்.
உலையை மூட அதன் வாயகலம் தெரிந்தால் போதும்,
அது யார் வீட்டு உலை என்று மூடி கேட்பதில்லை
என்று நான் சொன்னபோது
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் எல்லாக் கட்டையும் அவரே பிரித்தார்.

இன்று காலை நகோயாவிலிருந்து வந்த ஹயசாகா,
மீசையில் பனி உருக, 'கேனான், எழுபத்தேழு' என்றார்.
கட்டில் நாலு இருந்தன. நாலும் நிக்கான்.
ஒன்றை நீட்டினேன்.
எதிர்க்கட்சிக் கொடியை நீட்டியதுபோல் பார்த்தார்.
'சேராது.'
'சேரும்.'
சேர்ந்தது. டக்கென்று, சொந்தப் பிள்ளை மாதிரி.
முன்பக்கம் எல்லாருக்கும் ஒரே மரைதான் என்றேன்.
பையிலிருந்து கறுப்பு டேப் எடுத்து
பெயரின்மேல் ஒட்டினார், கோணலாக.
'முப்பத்தொரு வருஷம் ஒரே கம்பெனி,
கூட வந்தவர்கள் பார்த்தால்...'
முடிக்காமல் டீயை உறிஞ்சினார்.

பின்மூடி கேட்டு வந்தவள் கதை வேறு.
மிசுஹோ, இருபது வயதிருக்கும், சோனி.
லென்ஸின் பின்பக்கத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு
அடிபட்ட குருவியைத் தூக்கி வருவதுபோல் வந்தாள்.
என்னிடம் ஒன்பது பின்மூடிகள்.
ஒன்பதையும் வைத்துத் திருகினோம்.
ஒன்று நுழையவே இல்லை.
ஒன்று நுழைந்தது, திரும்ப மாட்டேன் என்றது.
ஒன்று இடப்பக்கம் திரும்பும் ஜாதி, இவளுடையது வலது.
ஒன்று தொளதொளவென்று ஆடி மேசையில் விழுந்தது.
ஊருக்குக் காட்டும் முகத்தில் யாருடைய மூடியும் உட்காரும்.
உடம்போடு கோக்கும் இடத்தில்
வீட்டுக்கு வீடு வேறு பூட்டு.
இதில் தத்துவம் ஒன்றுமில்லை, வியாபாரம்.

கடைசியில், விருந்தினர் மறந்துபோன பொருள்களின்
இன்னொரு பெட்டியில் ஒரு குழந்தைக் காலுறை இருந்தது.
மஞ்சள், ஒற்றை, அளவு எதுவும் எழுதவில்லை.
லென்ஸ் அதற்குள் குதிகால்வரை போய் நின்றது.
மிசுஹோ முதல்முறையாகச் சிரித்தாள்.

பஸ் போனபின் மேசையைத் துடைத்தேன்.
ஹயசாகாவின் கோப்பைக்கு அடியில்
கறுப்பு டேப் துண்டு ஒன்று,
நிக்கான் எழுத்தின் மேடு அதில் பதிந்திருந்தது.

குளிரில் பசை பிடிக்காது.
அதுவாகவும் இருக்கலாம்.